வரையாடா, நீலக்குறிஞ்சியா: மலைப் புல்வெளியின் நிலையை அறிய எதைக் கணக்கெடுப்பது?

கேள்வி: புல்வெளிக் குழு

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளுக்காக ஒரு கண்காணிப்புத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை மலையேறும் அளவுக்குத்தான் ஆள்பலம். எதை எண்ணினால் புல்வெளி நன்றாக இருக்கிறதா, தேய்கிறதா என்று சொல்ல முடியும் என்பதில் குழுவுக்குள் இரண்டு கட்சி.

ஒரு கட்சி வரையாடு என்கிறது: புல்லை நம்பி வாழ்கிற விலங்கு, மாநில விலங்கு, அரசுக் கணக்கெடுப்பும் நடக்கிறது. மறு கட்சி நீலக்குறிஞ்சி என்கிறது: இருந்த இடத்தை விட்டு நகராது, இரண்டு தடவை எண்ணிவிட்டோமோ என்ற கவலை இல்லை.

விலங்கையும் புதரையும் இப்படி எதிரெதிரே வைத்து ஒப்பிடுவது சரியா? சரியென்றால் எந்த அளவுகளை வைத்து? 2030 வரை பூக்காத செடியை இடைப்பட்ட ஆண்டுகளில் எப்படிக் கணக்கெடுப்பது? வரையாடு குறிஞ்சியைத் தின்னுமா என்பதற்கும் தெளிவான பதில் வேண்டும்.

---

பதில்: வரைமுகடு

ஒப்பிடலாம். ஆனால் தலையெண்ணிக்கையைச் செடியெண்ணிக்கையோடு வைத்தால் ஒன்றும் புரியாது. இரண்டும் வெவ்வேறு காலத்தைப் பற்றிப் பேசுகின்றன. வரையாடு இந்த ஆண்டு, போன ஆண்டுப் புல்லைச் சொல்லும். குறிஞ்சி, அந்த நிலம் பன்னிரண்டு ஆண்டு கலைக்கப்படாமல் கிடந்ததா என்பதைச் சொல்லும். புல் கெட்டால் மந்தை அடுத்த சரிவுக்குப் போய்விடும், குறிஞ்சிக்கு அந்த வழி இல்லை. திட்டத்தில் இந்த வேறுபாட்டை முதலில் எழுதிவிட்டால் இரண்டு கட்சிக்கும் சண்டை இருக்காது.

குறிஞ்சி பற்றி வேறு யாராவது எழுதட்டும், நான் வரையாட்டுப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

நீலகிரி முதல் அகத்தியமலை வரை, தமிழ்நாடு, கேரளம் இரண்டில் மட்டுமே இருக்கும் விலங்கு. பெரும்பாலும் 1,200 முதல் 2,600 மீட்டர் உயரத்தில், புல்வெளியும் செங்குத்துப் பாறையும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் வாழும். பாறை இல்லாத புல்வெளி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அங்கே தங்காது. சிறுத்தை, புலி, செந்நாய் வந்தால் ஓடி ஏறப் பாறை வேண்டும். ஆகவே ஒரு சரிவில் ஆடு இல்லை என்றால் 'புல் கெட்டுவிட்டது' என்று எழுதாதீர்கள். அருகில் தப்பிக்கும் பாறை இருக்கிறதா என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். 2025 ஏப்ரலில் இரு மாநிலங்களும் ஒரே நாட்களில் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, ஆக 2,668. 2024இல் தமிழ்நாட்டுக் கணக்கு 1,031. இதைப் பார்த்து ஓராண்டில் 272 ஆடு பெருகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பார்த்த பரப்பு, வானிலை, குழுக்களின் பழக்கம் எல்லாம் சேர்ந்த எண் இது. உங்களைப் போன்ற சிறிய குழு மொத்த எண்ணிக்கையை நம்புவதை விட, நூறு பெட்டைக்கு எத்தனை குட்டி என்ற விகிதத்தை நம்புவது நல்லது. பாதி மந்தை முகட்டுக்கு அப்பால் மறைந்திருந்தாலும் இந்த விகிதம் பெரிதாகக் கெடாது.

குட்டி ஈனுவது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். சினைக்காலம் ஏறக்குறைய ஆறு மாதம், ஈற்றுக்குப் பொதுவாக ஒரே குட்டி. இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச்சில் பார்வையாளர்களுக்கு மூடுவது இதற்காகத்தான். அந்த இரண்டு மாதமும் எந்த மலையிலும் மந்தையை நெருங்காதீர்கள். கலைந்து ஓடும் தாயோடு நான்கு நாள் குட்டி பாறையேற முடியாது. முதல் கணக்கை ஏப்ரலில் வையுங்கள். அரசுக் கணக்கும் அப்போதுதான் என்பதால் ஒப்பிடவும் வசதி. இரண்டாவது கணக்கு டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்து காலை வானம் தெளிந்திருக்கும்போது. ஏப்ரலில் 34 பெட்டைக்கு 20 குட்டி என்றால் நூற்றுக்கு 59. டிசம்பரில் அதே மலையில் அது நூற்றுக்கு 30 என்று வந்தால், மழைக்காலத்தில் பாதி போய்விட்டது என்று தெரியும். புல், நோய், கொன்றுண்ணி என எதைத் தேடுவது என்பது அதற்குப் பிறகு.

வகை பிரிப்பதில்தான் தவறு அதிகம். முற்றிய கிடாவுக்கு உடல் கரும்பழுப்பு, முதுகில் சேணம் போட்டதுபோல வெள்ளி நரை, கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம். எடை நூறு கிலோ வரை போகும். பெட்டை அதில் ஏறக்குறைய பாதி, சாம்பல் கலந்த பழுப்பு. கொம்பு இரண்டுக்கும் உண்டு. பின்னோக்கி வளையும், உட்புறம் தட்டை, வெளிப்புறம் உருட்டு, குறுக்கே வரிவரியாக மடிப்பு. கிடாவுக்கு அடி தடித்து 40 செ.மீ. வரை வரும், பெட்டைக்கு மெலிந்து குட்டையாக இருக்கும். முதுகு வெளுக்காத இளங்கிடாவைப் பெட்டை என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. அப்படி எழுதினால் பெட்டை எண்ணிக்கை கூடி, குட்டி விகிதம் பொய்யாகக் குறையும். கொம்பின் அடித்தடிப்பு தெரியாத தூரத்தில் இருந்தால் 'வகை தெரியவில்லை' என்ற கட்டத்தில் போடுங்கள். அந்தக் கட்டம் நிரம்பினால் வெட்கமில்லை.

முறை: எதிரெதிர் முகட்டில் இரண்டு குழு, காலை 6 முதல் 10 வரை, மாலை 3 முதல் 6 வரை. அடுத்தடுத்து மூன்று நான்கு நாள் எண்ணி, ஒரே வேளையில் கிடைத்த மிகப்பெரிய எண்ணைக் குறைந்தபட்ச எண்ணிக்கையாக எடுங்கள். நாட்களைக் கூட்டவும் கூடாது, சராசரியும் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு மந்தைக்கும் பார்த்த மணி, நிமிடம், அது நகர்ந்த திசை மூன்றும் அவசியம். இரு குழுவும் 7.40க்கு ஒரே மந்தையைப் பார்த்தார்களா, வேறு வேறா என்று மாலையில் உட்கார்ந்து தீர்க்க இது ஒன்றே வழி. மூடுபனி இறங்கிய நேரத்தையும் எழுதுங்கள். பார்க்க முடியாமல் போன நேரம் 'ஆடு இல்லாத நேரம்' ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று: ஆளுக்குப் பழகிய மந்தையைக் கணக்கில் தனியாக வையுங்கள். இரவிகுளத்தின் இராஜமலைப் பாதையோரம், ஆழியாறு – வால்பாறை சாலையின் கொண்டை ஊசி வளைவுகள், இங்கெல்லாம் ஆடு எளிதில் தெரியும். தெரிகிறது என்பதால் அங்கே புல்வெளி நலம் என்று அர்த்தமில்லை.

---

பதில்: கருந்தண்டு

குறிஞ்சிப் பக்கம் நான் எழுதுகிறேன். 'எண்ண எளிது' என்று உங்கள் குழு நினைப்பது பாதிதான் உண்மை.

நீலக்குறிஞ்சி, ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. 1,300 முதல் 2,400 மீட்டர் வரை, வரையாட்டின் அதே மலைகள்தான். வழக்கமான உயரம் 30 முதல் 60 செ.மீ., மண் ஆழமாக இருந்தால் ஆளுயரமும் வரும். 1982, 1994, 2006, 2018 எனப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூட்டமாகப் பூக்கும். ஒரு செடி வாழ்நாளில் ஒரே முறை பூத்து, காய்த்து, செத்துப்போகும். இப்போது மலையில் நிற்கிற செடிகளில் மிகப் பெரும்பாலானவை 2018 விதையில் வந்தவை. அதனால்தான் ஒரு திட்டில் எல்லாச் செடியும் கிட்டத்தட்ட ஒரே உயரமாக நிற்கும். ஒரே திட்டில் முழங்கால் உயரமும் விரலளவும் கலந்து இருந்தால் உடனே குறித்து வையுங்கள். இடையில் தனியாகப் பூத்த செடிகள் அங்கே இருந்திருக்கலாம், அல்லது நீங்கள் பார்ப்பது வேறு குறிஞ்சியாக இருக்கலாம்.

இந்த இரண்டாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்தப் பேரினத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பல இனங்கள் உண்டு. சில ஆண்டுதோறும் பூக்கும், சிலவற்றுக்கு வேறு சுழற்சி, மகாராஷ்டிரத்தின் கார்வி ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை. 'இந்த ஆண்டே குறிஞ்சி பூத்துவிட்டது' என்று வரும் படங்களில் பாதிக்கு மேல் இந்த உறவினர்கள்தான். சோலை ஓரத்து நிழலில் உயரமாக, தளர்ந்து வளர்வதை நீலக்குறிஞ்சி என்று எழுதாதீர்கள். இது வெயில் படும் புல்வெளிச் சரிவின் செடி. பூ இல்லாத காலத்தில் பார்க்க வேண்டியவை: எதிரெதிராக அமைந்த இலை, தடித்துச் சொரசொரத்த இலைப்பரப்பு, விளிம்பில் சிறு பற்கள், அடிப்பக்கம் எழும்பித் தெரியும் நரம்பு, கணுவில் சற்றே வீங்கிய தண்டு. இலையின் மேல், கீழ், கணு என மூன்று படம், பக்கத்தில் அளவுகோல். இது இல்லாத பதிவை ஏற்காதீர்கள்.

கட்டம் போடுவது இப்படி. முதலில் திட்டின் விளிம்பைச் சுற்றி நடந்து ஜிபிஎஸ் தடம் எடுங்கள். திட்டுக்குள் 5 மீட்டருக்கு 5 மீட்டரில் பத்துக் கட்டம், ஒவ்வொன்றின் ஒரு மூலையில் நாற்றுக்கென 1 மீட்டர் கட்டம். எண்ணுவது தண்டை அல்ல, தூரை. அடியிலேயே கிளைத்த ஒரு செடியைத் தண்டு தண்டாக எண்ணினால் ஒரு செடி ஆறாகிவிடும். கட்டத்துக்கு ஐந்து செடியின் உயரம், பிறகு குறிஞ்சி, புல், சீகை (வாட்டில் மரம்) முதலிய அந்நிய மரக்கன்று, பாறை, வெறுமண் ஆகியவை நூற்றுக்கு எவ்வளவு பரப்பு என்ற மதிப்பீடு. மதிப்பீட்டை ஒரே ஆள் எல்லாக் கட்டத்துக்கும் செய்யட்டும், ஆள் மாறினால் எண்ணும் மாறும்.

கட்டத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் பெரிய தொல்லை. கைபேசி ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும், உங்கள் கட்டமோ ஐந்து மீட்டர்தான். அடுத்த முறை பக்கத்துக் கட்டத்தை எண்ணிவிட்டு 'செடி குறைந்துவிட்டது' என்று எழுதுவீர்கள். ஆகவே நகராத ஒரு பாறையைத் தேர்ந்து, அதிலிருந்து கட்டத்தின் மூலைக்குத் திசைகாட்டிப் பாகையும் நாடா அளவும் எழுதி, அந்தப் பாறையில் நின்று எடுத்த படத்தையும் தாளோடு சேர்த்து வையுங்கள்.

இந்த வேலை ஆண்டுக்கு இரண்டு முறை வேண்டாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். அடிக்கடி போனால் மிதித்தே கெடுப்போம். 2030இல் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை: கதிர் விட்ட செடி எத்தனை, பூத்தது எத்தனை, காய் பிடித்தது எத்தனை. ஒரு காயில் அதிகபட்சம் நான்கு விதை. காய்ந்து வெடித்துத் தாய்ச்செடிக்குப் பக்கத்திலேயே விழும். மலை தாண்டிப் பறக்கும் விதை இல்லை. ஒரு திட்டு தேயிலைக்கோ சாலைக்கோ போய்விட்டால் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து தானாக வந்து நிரம்பாது. வரையாட்டோடு ஒப்பிடும்போது மிகக் கனமான வேறுபாடு இதுதான் என்பது என் கருத்து.

2031 மழையில் 1 மீட்டர் கட்டங்களில் நாற்று எண்ணுங்கள், 2032இலும் எண்ணுங்கள். முதல் ஆண்டு நெருக்கமாக முளைப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். எவ்வளவு தங்கியது என்பதே கணக்கு.

தின்னுமா என்ற கேள்விக்கு: வரையாடு முதன்மையாகப் புல் மேயும் விலங்கு, தழையும் கடிக்கும். கடித்த குறிஞ்சி இலையைப் பார்த்ததும் 'வரையாடு' என்று எழுதிவிட வேண்டாம், அதே சரிவில் கடமானும் காட்டுமாடும் வரும். பக்கத்தில் கிடக்கும் புழுக்கை, குளம்புத் தடம் இரண்டையும் படமெடுத்த பிறகு முடிவு செய்யுங்கள். ஆடு மேய்வதால் குறிஞ்சி அழிகிறது என்ற கவலை தேவையில்லை. குறிஞ்சியின் சிக்கல் நிலம் பறிபோவது.

---

புல்வெளிக் குழு

இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் ஏப்ரல், டிசம்பரில் வரையாடு, மூன்றாண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி என்று மாற்றிவிடுகிறோம். ஒரு சந்தேகம். புதுப்புல் துளிர்த்தால் ஆட்டுக்கு நல்லது, அதனால் கட்டுப்படுத்திய தீ வைப்பது உண்டு என்று படித்தோம். அது குறிஞ்சிக்குக் கெடுதல் இல்லையா? இந்த இடத்தில் இரண்டும் மோதுகின்றனவா?

---

பதில்: தீக்கோடு

மோதுகின்றன, ஆனால் எப்போதும் இல்லை, எல்லா இடத்திலும் இல்லை.

கோடையின் தொடக்கத்தில், மண்ணில் ஈரம் இருக்கும்போது சிறு சிறு திட்டாக எரித்தால் தீ புல்லின் மேல்பகுதியோடு போய்விடும், வேர் தப்பும், சில வாரத்தில் இளந்துளிர் வரும். முற்றிய புல்லை விடத் துளிர் ஆட்டுக்குப் பிடிக்கும், சத்தும் அதிகம். மார்ச் கடைசியில் காற்றோடு வரும் தீ வேறு சங்கதி, தூர் வரை எரித்துவிட்டுச் சோலை ஓரத்தையும் தின்னும். இந்த எரிப்பு வனத்துறை மட்டுமே தீர்மானித்துச் செய்வது. உங்கள் திட்டத்தில் 'எங்கே எரிந்தது, எந்தத் தேதி, எவ்வளவு பரப்பு' என்ற பதிவு இருந்தால் போதும்.

குறிஞ்சிக்கு ஆபத்தான காலம் எது என்று பாருங்கள். பூத்து முடிந்த அடுத்த கோடையில் மலைச்சரிவு முழுக்கச் செத்த தண்டு காய்ந்து நிற்கும். தீ பிடித்தால் புல்தீயை விடச் சூடாக, நீண்ட நேரம் எரியும். விதை அப்போது மண்ணின் மேல்மட்டத்தில் கிடக்கும். பன்னிரண்டு ஆண்டு சேமிப்பு ஒரே மதியத்தில் போய்விடக்கூடும். அதற்கடுத்த இரண்டு மூன்று கோடையில் நாற்று சின்னதாக இருக்கும். ஆகவே 2031 முதல் 2033 வரையிலான கோடைகளில் குறிஞ்சித் திட்டைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு இருக்கிறதா என்று உங்கள் தாளில் ஒரு கட்டம் சேருங்கள். மந்தைக்கான புல்லைக் குறிஞ்சி இல்லாத சரிவில் பார்த்துக்கொள்ளலாம். எந்தச் சரிவில் எது இருக்கிறது என்ற வரைபடம் இல்லாததால்தான் இரண்டும் மோதுகின்றன.

தீயை விடப் பெரிய விஷயம் சீகை. ஆட்டுக்கும் குறிஞ்சிக்கும் பொதுவான எதிரி அது. நிழல் விழுந்தால் புல்லும் போகும், குறிஞ்சியும் போகும். கற்பூர மரம், பைன், நீலகிரியில் மஞ்சள் பூப் பூக்கும் அந்நியப் புதர்கள் எல்லாம் உண்டு, ஆனால் சீகை அளவுக்குப் பரவுவது குறைவு. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தீ பட்டால் ஓடு வெடித்து ஒரேயடியாக முளைக்கும். வெட்டிவிட்டு அப்படியே விட்டாலும் அதே கதைதான், வெயில் பட்ட மண்ணில் புல்லுக்கு முன்னால் சீகைக் கன்று எழும். முழங்கால் உயரக் கன்றை மழைக்காலத்தில், மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும், அதுவும் தொடர்ந்து பல ஆண்டு. ஒருமுறை வெட்டிப் படமெடுத்துவிட்டு 'புல்வெளி மீட்கப்பட்டது' என்று சொல்வதை எந்தத் திட்டத்திலும் ஏற்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக: புல்வெளியின் நிலைக்கு ஒரே ஒரு எண் வேண்டுமென்றால் ஆடும் வேண்டாம், குறிஞ்சியும் வேண்டாம். ஒரு ஹெக்டேரில் சீகைக் கன்று எத்தனை என்று எண்ணுங்கள். மாற்றம் முதலில் தெரிவது அங்கேதான்.

---

பதில்: வரைமுகடு

சீகைக் கன்றை எண்ணச் சொன்னது சரி. ஆடும் குறிஞ்சியும் வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. சீகை இல்லாத புல்வெளியிலும் மந்தை இல்லாமல் போகும். பழைய வேட்டையில் ஒழிந்து, இடையில் தோட்டமும் சாலையும் வந்துவிட்டதால் திரும்பி வர வழியில்லாத மலைகள் பல. கன்றுக் கணக்கு அங்கே 'நலம்' என்றே காட்டும். மந்தை எந்த முகட்டிலிருந்து எந்த முகட்டுக்கு நடக்கிறது என்பதை ஆட்டைப் பார்த்தால்தான் அறிய முடியும்.

ஆட்டின் உடலில் கட்டி தெரிந்தால் தனியாகப் படமெடுத்து, இடம், தேதியோடு வனத்துறைக்கு அன்றே அனுப்புங்கள். நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா ஆடுகளில் இப்படிக் காணப்பட்டிருக்கிறது.

---

பதில்: கருந்தண்டு

அனுமதி பற்றி யாரும் எழுதவில்லை, சேர்த்துவிடுகிறேன். வரையாடு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நீலக்குறிஞ்சியும் 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாம் அட்டவணைக்கு வந்துவிட்டது. மாதிரிக்கென்று ஒரு கிளையை ஒடிப்பதும் விதை பொறுக்குவதும் இப்போது சட்டச் சிக்கல். தேசியப் பூங்கா, சரணாலயத்துக்குள் ஆய்வு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். 1 மீட்டர் கட்டத்துக்குக் குச்சி நடுவதாக இருந்தாலும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். ட்ரோனுக்குத் தனி அனுமதி. கிடைத்தாலும் மந்தை இருக்கும் பக்கம் பறக்கவிட வேண்டாம், சத்தம் கேட்டதும் பாறைக்கு ஓடும், அன்றைய கணக்கு முழுதும் வீண்.

விண்ணப்பத்தோடு கட்டங்களின் இடப்பட்டியலையும் மூன்று தாள்களின் மாதிரியையும் இணையுங்கள்: மந்தைத் தாள், குறிஞ்சிக் கட்டத் தாள், தீயும் சீகையும் சேர்ந்த தாள். மூன்றிலும் சரிவின் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரே மேட்டுக்கு மூன்று தாளில் மூன்று பெயர் இருந்தால் பத்து ஆண்டு கழித்து யாராலும் அவற்றைச் சேர்க்க முடியாது. சரிவுக்கு ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணையே எல்லாத் தாளிலும் போடுங்கள்.